ஓட்டக் கோட்டின் மேல் ஒரு தெரு

எங்கள் தெருவுக்குப் புதிதாக வருகிறவர்கள் அது வளைந்து போவதைப் பார்த்துவிட்டு, இதைக் கட்டியவனுக்குக் கண் சரியில்லையா என்று கேட்பார்கள். கண்டி டவுனில் வளையாத தெரு எது, காட்டுங்கள் என்பேன் நான். ஆனால் அவர்கள் கேட்பதிலும் நியாயம் உண்டு. மற்றத் தெருக்கள் மேடு பள்ளத்துக்கு விலகி வளைந்தவை. எங்களுடையது தட்டையான நிலத்தில், குறுக்கே ஒரு கல்கூட இல்லாத இடத்தில், தன் பாட்டுக்கு வளைந்து நிற்கிறது. அது அப்படி எழும்பியபோது நான் அங்கே இருந்தேன். புதுப்பெண் என்ற பெயர் அப்போது என்னை விட்டு இன்னும் போகவில்லை.

அதற்கு முந்தி அந்த இடம் சேற்றுப் பள்ளம். அதன் ஓரத்தில் ஓடையை ஒட்டி ஒரு சந்து. எங்கள் முஸ்லிம் ஆட்கள்தான் அதிகம். கடைசி வீடுகளில் தெருக் கூட்டும் தமிழ்க் குடும்பங்கள் சில, உடுப்பு வெளுக்கும் சிங்களக் குடும்பங்கள் இரண்டோ மூன்றோ. மழை பெய்தால் அடுப்பு மிதக்கும் என்று சொல்வார்கள். அது பொய். அடுப்பு மிதக்காது, விறகுதான் மிதக்கும். வந்த தண்ணீர் போவதற்கு வழியே இல்லாமல் வீட்டுக்குள் விருந்தாளியைப் போல உட்கார்ந்திருக்கும். கலியாணம் முடித்து வந்த முதல் மழையில் நான் கட்டில்மேல் ஏறி உட்கார்ந்து அழுதேன். என் கணவர் கதவடியில் நின்று, "அழுறதால தண்ணி கூடும்" என்றார். அவர் ஆறுதல் சொல்லும் விதம் அது.

அந்தச் சந்தில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று, குசினி வழி. எங்கள் பெண்கள் பகலில் றோட்டில் இறங்குவதில்லை. எங்கேயாவது போவதென்றால் திரை போட்ட வண்டி வர வேண்டும். ஆனால் எல்லா வீட்டிலும் சமையல் செய்யும் குசினியின் பின்கதவும் ஒரே பக்கமாகத் திறந்தன. ஒரு பின்கதவிலிருந்து அடுத்த பின்கதவுக்கு, அங்கிருந்து அதற்கடுத்ததற்கு என்று சந்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஆம்பிளைகள் கண்ணில் படாமல் போய்வரலாம். உப்பு, நெருப்பு, பிள்ளைப்பேற்றுச் செய்தி, சண்டை எல்லாம் அந்த வழியாகத்தான் போய்வந்தன.

மதினியின் சீவியமும் அந்த வழியில்தான் நடந்தது. மதினி என் கணவரின் காக்காவுடைய, அதாவது மூத்த அண்ணனுடைய மனைவி. காக்கா மௌத்தாகிக் கைம்பெண்ணாகி, பிள்ளையும் இல்லாமல், எங்கள் வீட்டோடு ஒட்டிய ஒற்றை அறையில் தனியாக இருந்தார். இடியப்பம் அவிப்பார். ஓலைப் பெட்டியில் அடுக்கி, துணியால் மூடி, குசினி குசினியாக ஏறி இறங்கி விற்றுவிட்டு வருவார். அந்த இடியப்பத்தின் மென்மையைச் சொல்லத் தொடங்கினால் கதை நின்றுவிடும். அவர் யாருடைய கையையும் பார்த்து இருக்கவில்லை என்பதுதான் முக்கியம். எங்களோடு சாப்பிட உட்கார்ந்தாலும் தன் பங்குக்கு ஏதாவது கொண்டுவந்துதான் உட்காருவார். வேண்டாம் என்றால் எழும்பிப் போய்விடுவார். அவ்வளவு ரோசம்.

இப்படி இருக்கும்போதுதான் தீவு முழுதுக்குமான பெரிய விளையாட்டு விழா கண்டியில் நடக்கப் போகிறது என்ற செய்தி வந்தது. ஓட்டம், பாய்ச்சல், எறிதல் எல்லாம். கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும், கடல் கடந்தும்கூட ஆட்கள் வரப் போகிறார்களாம். கண்டியில் அவர்கள் ஓடுவதற்குச் சமநிலம் எங்கே இருக்கிறது? தேடித் தேடி, கடைசியில் எங்கள் சேற்றுப் பள்ளத்தை நிரப்புவது என்று விழாக் கமிட்டி முடிவு செய்தது. கமிட்டி துரை ஒருவர் சந்துக்கு வந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். வீடுகளை எடுக்க வேண்டும். விழா முடிந்த பிறகு நிரப்பிய நிலத்தின் மேற்குப் பக்கத்தை எங்களுக்கே தருவார்கள். வீடு எங்கே கட்டுவதென்று சுண்ணாம்பால் கோடு போட்டுக் காட்டுவார்கள். பழைய மரமும் தகரமும்கூட எங்களுக்குத்தான். சந்தில் யாரும் அதை நம்பவில்லை, என் கணவரைத் தவிர. அவர் எல்லாரையும் நம்புவார். அவருக்குத் தேத்தண்ணிக் கடை; கடைக்காரருக்கு அது நல்ல குணம் இல்லை.

வீடு பிரிப்பதற்கு முந்தி சில வாரங்கள் அந்த வேலையை நாங்கள் குசினித் தட்டியின் இடுக்கு வழியாகப் பார்த்தோம். எனக்கு இன்றைக்கும் அது நம்ப முடியாத காட்சிதான். காலையிலிருந்து மாட்டு வண்டிகள் மண்ணைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருந்தன. கொட்டிய மண்ணைப் பள்ளம் விழுங்கிக்கொண்டே இருந்தது. இது நிரம்பாது என்று நான் பந்தயம் கட்டாத குறை. பிறகு ஒருநாள் யானை வந்தது. பின்னால் பெரிய கல் உருளையைக் கட்டியிருந்தார்கள். அது அவசரமே இல்லாமல், தன் சொந்தத் தோட்டத்தில் நடப்பதுபோல அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்தது. அது நடந்த இடமெல்லாம் நிலம் பாய் விரித்தமாதிரி ஆயிற்று. தவளை கத்திய இடத்தில் இப்போது நிலம். மதினி என் தோளுக்குப் பின்னால் நின்று, "சுபஹானல்லாஹ்" என்று மட்டும் சொன்னார். எனக்கு நாக்கே எழவில்லை. அது என்னிடம் அடிக்கடி நடக்கிற விஷயம் இல்லை.

பிறகு எங்கள் வீட்டையும் பிரித்தார்கள். கணவர் கடையிலேயே படுத்துக்கொண்டார். நானும் மதினியும் கட்டுகஸ்தோட்டையில் நான் பிறந்த வாப்பா வீட்டுக்குப் போனோம். பாலத்தைத் தாண்டி, ஆற்றுக் காற்று வருகிற நல்ல வீடு. சேறு இல்லை, இரவில் கடிக்கிற நுளம்பும் குறைவு. ஆனால் அங்கே வீடுகள் தோட்டத்துக்கு நடுவில் தனித்தனியாக நின்றன. ஒரு குசினியிலிருந்து மற்றக் குசினிக்குப் போக வேண்டுமானால் றோட்டில் இறங்க வேண்டும். மதினி முதல் நாள் பழக்கத்தில் இடியப்பம் அவித்துவிட்டார். அவித்த பிறகுதான் அதை எடுத்துக்கொண்டு போக வழி இல்லை என்று தெரிந்தது. பெட்டியை மடியில் வைத்தபடி பின்கதவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

வாப்பா நல்ல மனுஷன். "நீங்க ஏன் புள்ள கஷ்டப்படுறீங்க? இது ஒங்கட வீடு மாதிரி. எத்தின காலமெண்டாலும் ஈக்கலாம்" என்றார். மதினி தலையை ஆட்டினார். அன்றிலிருந்து சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் பசி இல்லை என்று சொல்லத் தொடங்கினார். நான் கோபத்தில் ஒருநாள் கத்திவிட்டேன். அவர் கோபப்படாமல், "குத்தமில்ல புள்ள. அவங்க மனசாரத்தான் தாராங்க. அதுதான் தொண்டக்குள்ள எறங்குதில்ல" என்றார். எனக்கு அழுகை வந்தது. மதினி மறுபடியும் தன் கையால் உழைத்துச் சாப்பிட வேண்டுமானால் சந்து மறுபடியும் ஒன்று சேர வேண்டும். குசினிக்குக் குசினி வழி வேண்டும். வேறு எதனாலும் அது ஆகாது என்று எனக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது.

விழா நடந்தது. என் கணவர் தகர வேலிக்கு வெளியே தேத்தண்ணி விற்றார். உள்ளே போக எங்கள் ஆட்கள் யாருக்கும் சீட்டும் இல்லை, நேரமும் இல்லை. என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். "ஆக்கள்ர முதுகப் பாத்த. சத்தம் மட்டும் கேட்டிச்சு. ஒருத்தன் ஓடினா ஊரே கத்துது. கள்ளனப் புடிக்கத்தான் அப்பிடிக் கத்துவாங்கண்டு நான் நெனச்சீந்த" என்றார்.

விழா முடிந்தது, கொடிகள் போயின. மைதானம் சும்மா கிடந்தது. அந்தி மழை தொடங்கியது, ரமழான் நோன்பும் நெருங்கிக்கொண்டிருந்தது. நோன்புக்குள் சொந்த வீட்டில் இருக்க வேண்டும் என்று சந்தின் ஆம்பிளைகள் எல்லாரும் சேர்ந்து மைதானத்தின் மேற்குப் பக்கம் போய்ப் பார்த்தார்கள். துரை சொன்னது பொய்யில்லை. சுண்ணாம்புக் கோடு இருந்தது. சுண்ணாம்பு பட்ட இடத்தில் கமிட்டி பதித்த புல் கருகி, மழைக்கும் அழியாமல் தெளிவாக இருந்தது. உள்ளே ஒரு கோடு, வெளியே ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவில் ஒரு முன்னறையும் ஒரு குசினியும் அளவாக வருகிற அகலம். ஊடே சில மெல்லிய கோடுகளும் இருந்தன. அவை அறைகளுக்காக இருக்கும் என்று எடுத்துக்கொண்டார்கள். கோடு நேராகப் போகாமல் அரை வட்டமாகச் சுற்றிப் போனதுதான் கொஞ்சம் விசித்திரம். வெள்ளைக்காரன் போட்டது அப்படித்தான் இருக்கும் என்று ஒருவர் சொன்னார், மற்றவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

அவ்வளவுதான். கமிட்டி கொடுத்த மரத்தையும் தகரத்தையும் வைத்துக்கொண்டு எல்லாரும் கைகோத்துக் கட்டினார்கள். கோட்டை ஓர் அங்குலம்கூடத் தாண்டக் கூடாது என்று என் கணவர் கயிறு பிடித்துக் காவல் நின்றாராம். வெளிக் கோட்டில் முன்வாசல், உள்கோட்டில் குசினிக் கதவு. எங்கள் ஆட்கள் வேறு மாதிரிக் கட்டவும் மாட்டார்கள். வளைவுக்குள்ளே பெரிய புல்தரை ஒன்று அகப்பட்டது. அதன் திறந்த பக்கத்தில், விழாவுக்கு வந்த பெரிய மனிதர்களிடமிருந்து பிரித்துப் போட்ட எங்கள் வீட்டுக் குவியலை மறைக்க நிறுத்திய தகரங்களையே கொண்டுபோய் நட்டு மறைத்தார்கள்.

நானும் மதினியும் திரை வண்டியில் வந்து இறங்கினோம். முன்வாசலால் ஏறி, அறையைத் தாண்டி, குசினிக் கதவைத் திறந்தேன். என் காலில் சேறு ஒட்டவில்லை. முன்னால் பச்சைப் புல். இரண்டு பக்கமும் வளைந்து வளைந்து குசினிக் கதவுகள். சந்தில் அடுத்த கதவைத்தான் பார்க்க முடியும். இங்கே எல்லாக் கதவையும் ஒரே பார்வையில் பார்க்க முடிந்தது. எல்லாக் கதவிலும் எங்கள் பெண்கள் நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அழுதுகொண்டிருந்தேன் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அல்லாஹ் எங்களுக்கென்றே கோடு கீறிக் கொடுத்த இடம் என்றே நினைத்தேன். மதினி அன்றைக்கே அரிசி ஊறப்போட்டார்.

அந்த அரிசி இடியப்பமாவதற்குள் சர்வேயர் வந்துவிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், மெலிந்த மனிதர். கூடவே ஒரு வாளி சுண்ணாம்போடு ஒரு ஆள். வளைந்து நின்ற வீடுகளைப் பார்த்துக் குடையை ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"இதென்ன கூத்து? ஆர் உங்களை இதிலை வீடு கட்டச் சொன்னது?"

"கோடு போட்டீந்திச்சே ஐயா. சுண்ணாம்புக் கோடு. கமிட்டி தொர சென்ன மாதிரியே" என்றார் என் கணவர்.

"அது பெடியள் ஓடுறதுக்குப் போட்ட கோடு. வீட்டுக்குக் கோடு போட நான் இண்டைக்குத்தானே வாறன்."

தெருக் கூட்டும் குடும்பத்துப் பெண் ஒருத்தி, எங்களைப்போல் திரைக்குள் இருக்கத் தேவையில்லாதவள், இடுப்பில் குழந்தையோடு முன்னால் நின்றாள். "ஓடுறதுக்கு எதுக்குங்க கோடு? கோடு இல்லாட்டி ஓட மாட்டாங்களா?" என்று கேட்டாள். சர்வேயர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, தடியால் நிலத்தில் கீறிக் காட்டினார். இரண்டு நேர் வரிசை, இரண்டு பக்கமும் றோட்டு, தண்ணீர்ப் பைப்பும் றோட்டில். பின்சுவரும் பின்சுவரும் முட்டி நிற்கும். இப்போது கட்டியதை எல்லாம் கழற்றி அப்படி மாற்ற வேண்டும்.

நான் முன்வாசல் திரைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் மதினி மாவை வறுத்துக்கொண்டிருந்தார். அகப்பைச் சத்தம் நின்றது. அந்தச் சத்தம் நின்றதை என்னால் தாங்க முடியவில்லை. பிற ஆம்பிளையோடு பேசாத வாய் அன்றைக்குத் திறந்தது.

"அப்ப குசினி வாசல் எங்க ஐயா?" என்று திரைக்குள்ளிருந்து கேட்டேன்.

அவர் திரையைப் பார்த்தார். மரியாதையாகவே சொன்னார். "குசினிக்கு வாசல் ஏன் தங்கச்சி? முன்வாசல் ஒண்டு காணும், அது போதும்."

"ஒங்களுக்குக் காணும். எங்களுக்கு அதுதான் றோட்டு."

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. கோபமா பெருமையா என்று இன்றைக்கும் அவரிடம் கேட்டால் சொல்ல மாட்டார். சர்வேயர் தான் கீறிய கோட்டைத் தடியால் தட்டினார். "விளங்குது. ஆனா பிளானிலை நேராத்தான் கிடக்கு. நான் என்ன செய்யிறது?" என்றார். கெட்ட மனிதர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. கெட்டவன் என்றால் சண்டை பிடிக்கலாம்.

அப்போது மழை வந்தது. சாதாரண மழை இல்லை. தகரத்தில் கல்லை அள்ளிக் கொட்டினமாதிரி. சர்வேயர் எங்கள் முன்னறைக்குள் ஓடிவந்து கதிரையில் உட்கார்ந்தார். என் கணவர் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். நானும் மதினியும் எங்கள் வேலையைப் பார்த்தோம். அரிசிப் பானையைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்தோம். பாயைச் சுருட்டி மேலே போட்டோம். விறகை அடுப்புத் திண்டில் ஏற்றினோம். எல்லா வீட்டிலும் பாத்திரம் தூக்கும் சத்தம் கேட்டது. பிறகு எல்லாரும் தண்ணீர் வருவதற்காகக் காத்து நின்றோம்.

தண்ணீர் வரவில்லை.

வாசலுக்கு வெளியே அது ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற பொடியன்கள் வழுக்கி விழக் கூடாது என்று கமிட்டி அந்த வளைவின் வெளிப்புறம் முழுக்கத் தண்ணீர் ஓட ஆழமான கான் ஒன்று வெட்டி, கல் பாவி வைத்திருந்தது. ஓட்டப் பாதையையும் அந்தக் கான் பக்கம் சரிவாகவே போட்டிருந்தார்கள். கூரையிலிருந்து விழுந்த தண்ணீர் எங்கள் வாசலில் ஒரு கணம்கூடத் தங்காமல் அந்தக் கானில் இறங்கி, வளைவோடு சுற்றி ஓடைக்குப் போயிற்று. நாங்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றோம். மழையைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் தண்ணீர் போவதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தோம். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. தெருக் கூட்டும் பெண் குழந்தையைத் தூக்கிக் காட்டி, "பாரு, போகுது பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

சர்வேயரும் தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலுக்கு வந்து பார்த்தார். மழை கொஞ்சம் விட்டதும் குடையைப் பிடித்துக்கொண்டு கான் வழியே ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தார். கால்சட்டை முழங்கால் வரைக்கும் நனைந்திருந்தது.

"நேர் வரிசை எண்டால் இந்தக் கானை மூடிப்போட்டு வேறை வெட்ட வேணும்" என்று தனக்குச் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு திரையைப் பார்த்து, "துரையோடை கதைச்சுப் பாக்கிறன் தங்கச்சி. வாக்குத் தர ஏலாது" என்றார். சுண்ணாம்பு வாளியை அந்த ஆள் அப்படியே திரும்பத் தூக்கிக்கொண்டு போனான்.

நோன்பு தொடங்கியது. பதில் வரவில்லை. மதினி வறுத்த மாவைத் துணியில் கட்டி வைத்துவிட்டார். கழற்றப் போகிற வீட்டில் வியாபாரம் தொடங்கக் கூடாதாம். நோன்பு திறக்கும்போது எங்களோடு உட்காருவார், ஒரு பேரீச்சம்பழத்தோடு எழும்பிவிடுவார். நான் தொழுகையில் கேட்டதெல்லாம் ஒன்றுதான். வளைவு நிற்க வேண்டும். ஒரு தெருவின் வளைவுக்காக அல்லாஹ்விடம் கையேந்திய பெண் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பாதி நோன்பு போன பிறகு, ஒரு பகல், சர்வேயரும் அவருக்கு மேலான பொறியியல் துரையும் வந்தார்கள். துரை கைத்தடியோடு வளைவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் நடந்தார். வழியில் எதையோ பார்த்து உரக்கச் சிரித்தார். அவர் போன பிறகு சர்வேயர் எங்கள் வாசலில் நின்று, திரையை நோக்கி, ஒரே ஒரு சொல் சொன்னார்.

"இருக்கட்டாம்."

என் கணவர் ஓடிப் போய் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "எனக்குத்தான் வேலை. இந்த வளைவை இனிப் பிளானிலை நான் கீற வேணும்" என்று சொல்லிவிட்டு அவர் போனார். பைப்பை எங்கே வைப்பது என்று பிறகு அவர்தான் ஆள் அனுப்பிக் கேட்டார். நடுப் புல்தரையில் வைத்தார்கள். விழாவில் பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருந்த கூடாரத்தை மரக்கறிச் சந்தையாக்கினார்கள். என் கணவரின் கடை அதன் மூலையில் அமைந்தது. அதெல்லாம் பிறகு.

அன்றைக்கு மதினி பின்னேரத்து அசர் தொழுகையைத் தொழுதுவிட்டு அடுப்பு மூட்டினார். இடியப்ப உரலில் மாவைப் பிழிந்தார். அவிந்ததைப் பெட்டியில் அடுக்கி, மூடி, குசினிக் கதவால் இறங்கினார். நான் கதவில் நின்று பார்த்தேன். ஒவ்வொரு குசினியாக நின்று, கொடுத்து, ஒரு வார்த்தை பேசி, வளைவோடு போனார். அடுத்த முனையில் கடைசிக் கதவிலும் கொடுத்தார். பெட்டி காலி.

சந்தில் என்றால் வந்த வழியேதான் திரும்ப வேண்டும். மதினி அங்கேயே நின்றார். பிறகு கதவுகளை விட்டு விலகி, நேராகப் புல்தரைக்குள் நடந்தார். வெயில் இன்னும் இருந்தது. எல்லாக் கதவிலும் பெண்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். புல்தரையின் நடுவில் வந்ததும் அவர் பெட்டியைக் கீழே வைத்தார். தலையில் போட்டிருந்த முந்தானையைப் பின்னுக்குத் தள்ளினார். தலையை நிமிர்த்தி, மெதுவாக, நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுத் திரும்பினார்.

எனக்குப் பயமாகிவிட்டது. ஓடிப் போய், "என்ன மதினி? என்ன பாக்குறீங்க?" என்று கேட்டேன்.

கண்டியில் பிறந்து, கண்டியில் வாழ்க்கைப்பட்டு, நாற்பது வயதைத் தொட்டுக்கொண்டிருந்தவர் அவர்.

"மலை" என்றார். "சுத்திவர ஈக்கா புள்ள? நான் கூரைக்கு மேலால தெரிஞ்ச துண்டு மட்டும்தான்டு நெனச்சீந்த."